பன்னிரண்டு தொட்டிக் கனகாம்பரம்

அஞ்சுகத்தின் கனகாம்பரத்துக்குக் காரைக்கால் கடைத்தெருவில் தனிப் பேர் இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் குஞ்சிதபாதத்தின் பூக்கடைக்கு வந்தால், "திருவேட்டக்குடி பூ வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். காலையில் பறித்த பூ மறுநாள் சாயங்காலம் வரை தலையில் வாடாது. அதை யாராவது சொன்னால் அஞ்சுகம் முகத்தைச் சற்று உயர்த்திக்கொள்வாள். அடக்கமாகப் பேச அவளுக்கு வராது. வரவழைத்துக்கொள்ள அவள் முயன்றதும் இல்லை.

திருவேட்டக்குடியில் அவள் வீட்டை ஒட்டிப் பதினைந்து குழி மணல் நிலம். கணவன் மருதையன் அரிசி மில்லுக்குப் போய்விடுவான். தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு கட்டு டெல்லிக் கனகாம்பரக் குச்சி வாங்கி வந்து நட்டாள். அந்த ரகத்துக்கு விதை கிடையாது, குச்சி ஒடித்துத்தான் பெருக்க வேண்டும். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, ஆறு வருஷத்தில் நிலம் நிறைந்துவிட்டது.

எழுபத்தொன்பது ஐப்பசியில் அந்தச் செடிகள் சாகத் தொடங்கின.

முதலில் இலை செம்பட்டை பூத்தது. பூ சிறுத்தது. பிறகு செடி நின்ற இடத்திலேயே துவண்டு காய்ந்தது. எரு போட்டாள், சாம்பல் தூவினாள், புகையிலைத் தண்ணீர் தெளித்தாள். எதுவும் கேட்கவில்லை. கிழக்கு ஓரத்துப் பாத்திதான் முதலில் போனது. அந்தப் பாத்தியை ஒட்டி, எல்லையில், பக்கத்து வீட்டு ஜொஹராவின் அரளி வேலி ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூவோடு செழித்து நின்றது.

சந்தேகத்தை முதலில் சொன்னவர் குஞ்சிதபாதம். ஒருநாள் சைக்கிளில் வந்தவர் பாத்தியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார்.

"அரளி விஷம் அஞ்சுகம். ஆடுகூட வாய் வைக்காது. அதோட வேரு பக்கத்துல இருக்குறத சும்மா விடுமா?"

சொல்லி முடிப்பதற்குள் அஞ்சுகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. நேரே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள்.

"ஜொஹரா, ஒன் வேலி என் செடியக் கொல்லுது."

ஜொஹரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சுகத்தைவிடப் பத்து வயது இளையவள். கணவன் சேக் அலாவுதீன் துபாயில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான்.

"என்னாக்கா சொல்றீங்க? வேலி எப்புடிக் கொல்லும்?"

"வேரு எறங்குது. எல உதுந்து மழையில ஊறி என் பாத்திக்கு வருது. விஷம்தானே அது?"

"அஞ்சு வருஷமா நிக்கிதே. அப்பல்லாம் கொல்லலையா?"

"அப்ப முழங்கா ஒசரம். இப்ப ஆளு ஒசரம்."

ஜொஹரா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "மச்சான் துபாய் போன வருஷம் ஒவ்வொரு குச்சியா என் கையால நட்டதுக்கா இது. ஆடு மாடு உள்ள வராம, தெருவுல போறவங்க கண்ணு படாம, இதுதான் என் வீட்டுக்குச் சொவரு. யாரோ சொன்னாங்கன்னு வெட்ட மாட்டேன். கொல்லுதுன்னு காட்டுங்க. காட்டிட்டா, நானே அருவா எடுத்து வெட்டிப் போடுறேன்."

"காட்டுறேன்" என்றாள் அஞ்சுகம். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

எட்டுக் கொட்டாங்கச்சிகளில் மணல் நிரப்பி முளைக்கீரை விதை தூவினாள். உதவாத ஒரு பழைய கல்லில் அரளி இலையை அரைத்து, நான்கு கொட்டாங்கச்சிக்கு அந்தச் சாறு ஊற்றினாள். மற்ற நான்குக்கு வெறும் பம்புத் தண்ணீர். ஆறாம் நாள், தண்ணீர் ஊற்றியதில் பச்சைப்பசேலென்று கீரை தலை நீட்டியது. சாறு ஊற்றியதில் இரண்டொரு முளை வெளியே வந்து கறுத்துக் கிடந்தது.

எட்டையும் ஒரு பலகையில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு சந்துக்கு வந்தாள். தெருவே கூடிவிட்டது. குஞ்சிதபாதமும் வந்திருந்தார். கொட்டாங்கச்சிகளைக் குனிந்து பார்த்தவர் தீர்ப்புச் சொல்வதுபோல் நிமிர்ந்தார்.

"இனிமே பேச என்ன இருக்கு? தை பொறக்குறதுக்குள்ள வேலிய எடுத்துடணும்மா."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஜொஹரா தன் படலுக்குப் பின்னால் நின்று அந்தக் கறுத்த முளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று அஞ்சுகம் நினைத்தாள். அவள் அழவில்லை.

"அக்கா, நானும் ஒரு தடவ செஞ்சு பாக்கவா? அரளி வேணாம். ஒங்க கனகாம்பரத்து எல ரெண்டு கை கொடுங்க."

"எதுக்கு?"

"சும்மா கொடுங்களேன்."

ஆறு நாள் கழித்து ஜொஹரா தன் கொட்டாங்கச்சிகளைக் கொண்டுவந்து அஞ்சுகத்தின் முன்னால் வைத்தாள். கனகாம்பர இலையின் கெட்டிச் சாறு ஊற்றியதிலும் கீரை அழுகிக் கறுத்துக் கிடந்தது.

"அப்ப கனகாம்பரமும் விஷமாக்கா?" ஜொஹரா சிரிக்காமல்தான் கேட்டாள். "எந்த எலய அரைச்சு ஊத்தினாலும் அந்தப் பிஞ்சு தாங்காதுக்கா. தோட்டத்துல யாரு அரைச்சு ஊத்துறா?"

அஞ்சுகம் குனிந்து கறுத்த முளை ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாள். வாய்ப்பேச்சில் அவள் தோற்றது அபூர்வம்.

மருதையன் மில்லிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "விட்டுத் தள்ளு. ஊரு ஒன் பக்கம் பேசிடுச்சு. வேலி போயிடும்."

"வேலி போனப்பறமும் செடி செத்தா?"

"அப்ப பாத்துக்கலாம்."

"அப்ப யாரைச் சொல்லுவேன்? சூரியனையா?" அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. நான் சொன்னா சரியா இருக்கும்னு இந்த ஊருல பேரு இருக்கு. சரியில்லாத ஒண்ண வெச்சு ஜெயிச்சுட்டா அந்தப் பேரு எங்க போவும்? எனக்கு நெசம் தெரியணும்."

மறுநாள் பூக்கடைக்குப் போய், வேலியை இப்போது வெட்டச் சொல்ல வேண்டாம் என்றாள். குஞ்சிதபாதம் எரிச்சலாகப் பார்த்தார்.

"கூட்டத்துல சொன்ன வார்த்தையில்ல? என்னம்மா பொம்பளைங்க வெளையாட்டு இது?"

"வெளையாட்டில்ல அண்ணே. என் செடி சாவுது. எதுனாலன்னு எனக்குத்தான் தெரியணும்."

அங்கிருந்து ஜொஹராவின் வீட்டுக்குத்தான் வந்தாள். இந்த முறை வாசலில் நின்று சத்தம் போடவில்லை. கொல்லைப் பக்கம் போய், துணி துவைத்துக்கொண்டிருந்தவளின் எதிரில் நின்றாள்.

"சாறு வேணாம். மண்ண வெச்சுப் பாப்போம். ஒன் வேலிக்கு அடியில இருக்குற மண்ணு, விழுந்து மக்குன எலயோட அள்ளிக்கிறேன். அதுல கனகாம்பரக் குச்சி நடுறேன். இன்னொண்ணு, என் தோட்டத்து மேற்குக் கடைசி மண்ணு. அங்க ஒன் அரளி வேரும் வராது, எலயும் வராது. அங்க செடி இன்னும் சாவல. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெப்போம்."

ஜொஹரா நுரைக் கையோடு யோசித்தாள். "மூணாவதா ஒண்ணு வேணும்க்கா. அரளியும் கனகாம்பரமும் எப்பவும் நிக்காத மண்ணு. அது இல்லாம, எது நல்லா வந்துச்சு எது மோசம்னு எத வெச்சுச் சொல்லுவீங்க?"

அஞ்சுகம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தன வகுப்புப் படிச்சே?"

"அஞ்சு."

"எனக்கு அதுவும் கெடையாது" என்றாள் அஞ்சுகம். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சந்தில் கூட்டம் கூடிய பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

குயவரிடம் பன்னிரண்டு மண்தொட்டி வாங்கினார்கள். வேலியடி மண்ணில் நான்கு, மேற்குப் பாத்தி மண்ணில் நான்கு, வாய்க்கால் கரை மணலில் நான்கு. சுண்ணாம்பால் தொட்டிகளில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று அடையாளம் போட்டார்கள். எருவும் ஒரே அளவு. குச்சிகள் எல்லாம் திடமான ஒரே வரிசைச் செடிகளின் நுனியிலிருந்து ஒடித்தவை. தை மாதம் இரண்டாம் தேதி நட்டு, ஜொஹராவின் கொல்லையில் வெயில் ஒரே சீராக விழும் இடத்தில் வைத்தார்கள். காலையில் அஞ்சுகம் தண்ணீர் ஊற்றுவாள், மாலையில் ஜொஹரா. தொட்டிக்கு ஒரு செம்பு, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

முதல் பத்து நாள் ஒருத்தி ஊற்றும்போது மற்றவள் நின்று பார்த்தாள். பிறகு அந்த நேரம் தேநீர் நேரமாகிவிட்டது. ஜொஹரா துபாய்க் கடிதத்தில் இருக்கும் செய்தியைச் சொல்வாள். அஞ்சுகம் பூ விலையையும் மில் கதையையும் சொல்வாள். தொட்டியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை.

மாசி நடுவில், நாகூரில் ஒரு கல்யாணத்துக்காக ஜொஹரா மூன்று நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். படலின் கயிற்றை எப்படி அவிழ்ப்பது என்று அஞ்சுகத்துக்குக் காட்டிவிட்டு, "ரெண்டு வேளையும் நீங்களே ஊத்திடுங்கக்கா" என்றாள்.

அன்று காலை அஞ்சுகம் தனியாகத் தொட்டிகளின் முன்னால் குந்தினாள். யாரும் சொல்லாமலே கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கோட்டுத் தொட்டிகளில், அதாவது அரளி வேலியடி மண்ணில், நான்கு செடியும் துளிர்த்துக் கரும்பச்சையாக நின்றன. வாய்க்கால் மணலில் கொஞ்சம் மெலிவு, ஆனாலும் நோய் இல்லை. இரண்டு கோட்டில், அவளுடைய சொந்த மண்ணில், இலை செம்பட்டை காட்டத் தொடங்கியிருந்தது.

அந்த இலை ஒன்றை விரலால் புரட்டிப் பார்த்தாள். ஆறு வருஷம் தன் கையால் கொத்தி, எரு சுமந்து பதப்படுத்திய மண். ஒரு செம்பு வெந்நீர் போதும், வேலியடித் தொட்டி நான்கும் காலி. கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது. 'நானா இப்படி நினைக்கிறவ?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் அளந்து தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் கடல் காற்று மணலை வாரி இறைத்தபோது, தன் வீட்டுக் கீற்றைக் கொண்டுவந்து பன்னிரண்டு தொட்டிக்கும் சேர்த்து மறைப்புக் கட்டினாள்.

பங்குனிக் கடைசியில் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. வேலியடி மண்ணில் நின்ற செடிகள் ஒரு சாண் தாண்டி முதல் பூங்கதிர் விட்டிருந்தன. அஞ்சுகத்தின் மண்ணில் நின்ற நான்கும் நாலு விரல் உயரத்தில் குன்றிப்போயிருந்தன.

ஜொஹரா செம்பைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டியவள் அஞ்சுகம்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

"என் மண்ணுதான்" என்றாள் அஞ்சுகம். "ஒன் அரளி ஒண்ணும் பண்ணல."

சொல்லிவிட்டு, குன்றிய செடி ஒன்றை வேரோடு பிடுங்கி உதறினாள். வேர் முழுக்கக் கடுகு கோத்தது போல் முடிச்சு முடிச்சாக இருந்தது. உடனே வேலியடித் தொட்டியில் ஒன்றைப் பிடுங்கினாள். பூ விட்ட செடி என்று அவள் பார்க்கவில்லை. வேர் வெள்ளையாக, சுத்தமாக, நூல் நூலாக இருந்தது. தன் தோட்டத்துக்குப் போய் மேற்கில் ஒன்று, நடுவில் ஒன்று, கிழக்கில் ஒன்று பிடுங்கினாள். எல்லாவற்றிலும் முடிச்சு. இத்தனை நாள் இலையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். வேரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

செடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுநாள் காரைக்காலில் விவசாய ஆபீசுக்குப் போனாள். அங்கே இளையபெருமாள் என்ற இளம் அதிகாரி இருந்தார். முடிச்சைப் பிளேடால் கீறி, கண்ணாடிச் சில்லில் வைத்துப் பூதக்கண்ணாடிக் கருவியில் அவளைப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழுக்கள் அதில் நெளிந்தன.

"நூற்புழும்மா. மணல் மண்ணு அதுக்கு ரொம்பத் தோது. ஒரே செடிய ஒரே எடத்துல வருஷக்கணக்கா போட்டா பெருகிடும்."

"அரளி வேலிப் பக்கத்துப் பாத்திதான் சார் மொதல்ல போச்சு. ஆனா கொன்னது அரளி இல்ல."

"அந்தப் பாத்தி எப்ப நட்டது?"

அஞ்சுகத்துக்கு எழுபத்து மூன்றில் வாங்கி வந்த அந்தக் குச்சிக் கட்டு நினைவுக்கு வந்தது. "அதான் சார் மொதப் பாத்தி."

"அதான் அங்க மொதல்ல. சில செடி பக்கத்துச் செடிய வளர விடாதுங்கிறது உண்மைதாம்மா. ஆனா எது, எவ்வளவுன்னு நட்டுப் பாக்காம சொல்ல முடியாது. அரளி இல்லன்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

அவள் தொட்டிக் கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"வகைக்கு நாலு தொட்டி வைக்கணும்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? ஒரு செடி செத்தா அதோட நேரம்னு சொல்லிடலாம். நாலும் ஒண்ணு போல செத்தா?" பிறகு, நியாயமாக இருக்க வேண்டும் என்று தோன்றியதால், "மூணாவது மண்ணு வைக்கச் சொன்னது பக்கத்து வீட்டு ஜொஹரா" என்றாள்.

"காலேஜ்ல எங்களுக்கு இத ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தாங்கம்மா" என்றார் இளையபெருமாள்.

அந்த வார்த்தையை அஞ்சுகம் ஆபீஸ் படி இறங்கும் வரைக்கும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள். ஆனால் இறங்கும் முன் அவர் இன்னொன்று கேட்டார்.

"உங்க தோட்டத்துலேருந்து பதியம் யாருக்காவது கொடுத்திருக்கீங்களா? மண்ணோட போனா புழுவும் கூடப் போவும்."

கொடுத்திருந்தாள். குரும்பகரத்தில் காசியம்மாவுக்கும் வேறு நாலு வீட்டுக்கும், போன வருஷம், வேர் பிடித்த கன்றுகளை மண்ணோடு பெயர்த்து, பெருமையாகக் கொடுத்திருந்தாள்.

அந்த வாரமே இளையபெருமாள் திருவேட்டக்குடிக்கு வந்து தொட்டிகளைப் பார்த்தார். தெரு மறுபடியும் சந்தில் கூடியது. அஞ்சுகம் இரண்டு வேர்களையும் இரு கையில் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க. வேலி மேல நான் சொன்ன பழி தப்பு. வேலியடி மண்ணுல என் செடி பூத்திருக்கு. கோளாறு என் மண்ணுல. இத யாரும் வந்து எங்கிட்ட சொல்லல. நானும் ஜொஹராவும் கண்டுபுடிச்சோம்."

குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளின் குரலாக அது இல்லை. குஞ்சிதபாதம் கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சரி, வேலி விஷயம் முடிஞ்சுது. அந்தப் புழு விஷயத்த ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதம்மா. பூவுக்கு இருக்குற பேரு கெட்டுடும். குரும்பகரத்துல தெரிஞ்சா சண்டைக்கு வருவாங்க."

"அவங்க வர வேணாம் அண்ணே. நானே போறேன்."

போவது என்று முடிவு செய்தாலும் அடுத்த இரண்டு நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பியபோது ஜொஹரா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

"நீ எங்க?"

"ஒங்க கூடத்தான். பாதி நானும் கண்டுபுடிச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

குரும்பகரத்தில் காசியம்மா கிணற்றடியில் இருந்தாள். ஐம்பது வயதுக்காரி, வாய் துடுக்கு. அஞ்சுகம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வந்த விஷயத்தை உடைத்தாள். "நான் குடுத்த கன்னுல நோவு இருக்கும்னு நெனைக்கிறேன். வேர்ப் புழு. எனக்கு அப்பத் தெரியாது. இப்பத் தெரியும், அதான் வந்தேன்."

காசியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை வெறித்தாள். பிறகு கொல்லையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மதிலோரம் ஒரு வரிசை அடிக்கட்டைகள், வெட்டி அதிக நாள் ஆகாத வெளுப்போடு நின்றன.

"அடிப் பாவி! போன வாரம்தானே நந்தியாவட்டைய வெட்டுனேன்! அதோட நெழலும் வேரும்தான் கனகாம்பரத்த அமுக்குதுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. பூஜைக்குத் தெனம் ஒரு கூடைப் பூ குடுத்த செடி!"

அஞ்சுகத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "கட்டைய பேக்காத. மறுபடி துளிரும்" என்று மெல்லச் சொன்னாள்.

"துளிரும், துளிரும்." காசியம்மா பெருமூச்சு விட்டாள். கோபம் அந்த மூச்சோடு பாதி போயிற்று. "என்னைக்கோ நாலு கன்னு குடுத்ததுக்கு, தப்புன்னு சொல்ல பஸ் ஏறி வர்ற ஆள நான் பாத்ததில்ல. சரி, காட்டு. அது என்னா புழு?"

அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அஞ்சுகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வெயிலுக்கு நேரே பிடித்தாள். முடிச்சுகள் தெரிந்தன.

"இதான். எலயப் பாத்து ஒண்ணும் புரியாது, வேரப் பாக்கணும். இந்தச் செடியெல்லாம் புடுங்கிக் கொளுத்திடுங்க. சித்திரை வெயில்ல மண்ண ரெண்டு மூணு தடவ கொத்திப் பெரட்டிக் காயப் போடுங்க. அப்பறம் ஒரு பட்டம் கனகாம்பரம் வேணாம், செண்டுப்பூ போடுங்க. செண்டு வேரு இந்தப் புழுவ அடக்கும்னு ஆபீசர் சொல்றாரு. பக்கத்துச் செடிக்குக் கெடுதல் பண்ற செடி இருக்குற மாதிரி, நல்லது பண்றதும் இருக்கு."

"ஆபீசர் சொன்னா சரியா இருக்குமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"அவரு சொன்னாருன்னு நம்ப வேணாம். நான் சொன்னேன்னும் நம்ப வேணாம். நாலு தொட்டியில செண்டு போட்டு, நாலு தொட்டி சும்மா விட்டு, அப்பறம் எட்டுலயும் கனகாம்பரம் வெச்சுப் பாருங்க. நான் என் தோட்டத்துல அதத்தான் செய்யப் போறேன்."

"எட்டு போதாதுக்கா" என்றாள் ஜொஹரா பின்னாலிருந்து. "நோவே இல்லாத மண்ணுல நாலு."

"ஆமா, பன்னெண்டு." அஞ்சுகம் திரும்பி அவளைக் காட்டினாள். "இவதான் ஜொஹரா. இத யோசிச்சவ."

பெண்கள் ஒவ்வொருவராகப் பாத்தியில் குனிந்து வேர்களைப் பிடுங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். கேள்வி மேல் கேள்வி வந்தது. அஞ்சுகம் எல்லாவற்றுக்கும் நின்று, தலையை நிமிர்த்தி, பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றும் அதே குரலில் சொன்னாள். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

"அக்கா, நம்ம பஸ்ஸு!"

"போவட்டும்" என்றாள் அஞ்சுகம். "இன்னும் நாலு வீடு இருக்கு."